மொரீஷியஸ் ரிசார்ட்டா? விலையைப் பார்ப்பதற்கு முன் காற்றைப் பாருங்கள்

"எந்த ஹோட்டல் நல்ல ஹோட்டல்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். தேனிலவுக்கு வர நினைக்கும் சென்னைப் பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள், அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை இங்கே வைத்துக்கொள்ள நினைக்கும் லண்டன் மகனும் இதையே கேட்கிறார். கல்யாணமாகி மொரீஷியஸில் காத்ர் போர்ன் என்ற ஊருக்கு வந்த நாளிலிருந்து ரிசார்ட் முன்பதிவுதான் என் பிழைப்பு. நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மாதம் வருகிறீர்கள்?" என்பதுதான். மாதம் தெரிந்தால் எந்தக் கரை என்று சொல்லிவிடலாம். கரை முடிவானால் ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பது அரை மணி நேர வேலை. இந்த வரிசையை மாற்றினால் எவ்வளவு பணம் கொட்டினாலும் விடுமுறை சரியாக அமையாது.

தீவு சின்னதுதான். வடக்கு தெற்காக 65 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 45 கிலோமீட்டர் இருக்கும். ஆனால் நடுவில் மேட்டு நிலமும் மலைகளும் நிற்பதால், ஒரே நாளில் ஒரு கரையில் மணல் முகத்தில் அடிக்கும், இன்னொரு கரையில் கடல் தாம்பாளம் மாதிரி கிடக்கும். நாங்கள் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். மே முதல் அக்டோபர் வரை இங்கே குளிர்காலம். அந்த மாதங்களில் தென்கிழக்குக் காற்று விடாமல் வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் ஊர்ப் பேச்சு. அதே ஆடியில், ஜூலை, ஆகஸ்டில்தான் இங்கேயும் காற்று உச்சத்தில் இருக்கும். பெல் மார், ட்ரூ தோ தூஸ் என்று கிழக்குக் கரை முழுக்க அதை நேராக முகத்தில் வாங்கும். மேற்கே ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கும் வடமேற்கே ட்ரூ ஓ பிஷ்ஷும் மறைவில் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், பெயர் பெற்ற ஆடம்பர ரிசார்ட்டுகள் பல கிழக்குக் கரையில்தான் இருக்கின்றன. ஒன் அண்ட் ஒன்லி லே செயிண்ட் ஜெரான், கான்ஸ்டன்ஸ் பிரின்ஸ் மொரீஸ், ஃபோர் சீசன்ஸ் அனாஹிதா, ஷாங்ரி-லா லே டூஸ்ரோக் எல்லாம் அந்தப் பக்கம். அவற்றின் கடற்கரைக்கு ஈடில்லை என்று நானும் சொல்வேன், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அப்போது மேற்குக் கரையில் காற்று அசையாமல் புழுங்கும்போது, கிழக்கே இதமாக இருக்கும். ஆனால் ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு நான் அவற்றைச் சொல்வதில்லை. மேற்கில் மாரடிவா, சுகர் பீச், வடமேற்கில் ஓபராய், ட்ரூ ஓ பிஷ் பீச்கோம்பர் என்றுதான் பட்டியல் கொடுப்பேன்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஹோட்டல் போடும் படங்களை விட்டுவிடுங்கள். அங்கே தங்கியவர்கள் போட்ட படங்களில், நீங்கள் போகும் மாதத்தில் எடுத்தவற்றை மட்டும் தேடுங்கள். தென்னை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கின்றனவா? கடற்கரைக் குடைகளை மடக்கி வைத்திருக்கிறார்களா? சாய்வு நாற்காலிகளுக்குப் பின்னால் துணித் தட்டி கட்டியிருக்கிறதா? தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வெள்ளை நுரை தெரிகிறதா? இரண்டு மூன்று படங்களில் இவை சேர்ந்து வந்தால் அந்த மாதத்துக்கு அந்தக் கரை வேண்டாம். கரையோரச் சவுக்கு மரங்களையும் கவனியுங்கள். ஆண்டு முழுக்க நிலத்தின் பக்கமே சாய்ந்து வளர்ந்திருந்தால், அங்கே காற்றுதான் எஜமான்.

தீவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் லே மோர்னைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்த மலையின் அடியில் உள்ள தீபகற்பத்துக்கு இரண்டு முகம். தென்முனைப் பக்கம், காற்றாடியைப் பிடித்துக் கடல்மேல் சறுக்கும் விளையாட்டுக்காரர்கள் உலகெங்கிலும் இருந்து வருமிடம். அவர்களுக்குச் சொர்க்கமான காற்று, மடியில் குழந்தையோடு உட்கார நினைக்கும் உங்களுக்குத் தொல்லை. மலைக்கு மறைவான மேற்குப் பக்கத்தில் டினாரோபினும் பாரடிஸும் இருக்கின்றன. "லே மோர்ன்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடும் ஏப்ரல் கடைசியும் மே மாதமும், இங்கே ஆண்டின் மிக நல்ல வாரங்களில் சேர்ந்தவை. புயல் பருவம் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், ஐரோப்பியக் கூட்டம் குறைவு, விலையும் இறங்கியிருக்கும். இதைவிட்டு டிசம்பர் கடைசியில்தான் வருவேன் என்று அடம்பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த இரண்டு வாரம்தான் ஆண்டின் உச்ச விலை. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவும் ஆண்டின் கடைசி இரவும் பல ரிசார்ட்டுகளில் விருந்துக் கட்டணம் என்று ஒரு தொகையைக் கட்டாயமாகச் சேர்ப்பார்கள். மே மாதத்துக்கு அடுத்தபடியாக நல்லது அக்டோபர் கடைசியும் நவம்பரும். அப்போது எந்தக் கரையும் சரிதான்.

ஜனவரி முதல் மார்ச் வரை புயல் மாதங்கள். எல்லா ஆண்டும் அடிக்காது. அடித்தால் ஒன்று முதல் நான்கு வரை எச்சரிக்கை எண் ஏற்றுவார்கள், மூன்று வந்தால் யாரும் வெளியே போகக் கூடாது. 2024 ஜனவரியில் பெலால் புயலில் தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன, விமான நிலையத்தையும் மூடினார்கள். ரிசார்ட்டுக்குள் பயமில்லை, கட்டடங்கள் புயலைத் தாங்கும்படி கட்டியவை. ஆனால் திரும்பும் பயணம் தள்ளிப்போனால் கூடுதல் இரவுகளுக்கு யார் பணம் கொடுப்பது? பயணக் காப்பீட்டில் விமானத் தாமதமும் இயற்கைப் பேரிடரும் அடங்கியிருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள்.

விமானத்துக்கு வருவோம். லண்டனிலிருந்து நேரடியாக ஏறக்குறைய 12 மணி நேரம். மும்பையிலிருந்து சுமார் 6 மணி நேரம். சென்னை நேரடி விமானம் என்பது அட்டவணையில் வந்தும் போயும் இருக்கும் ஒன்று, பதிவு செய்யும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மும்பை வழி அல்லது துபாய் வழி. விமான நிலையம் தீவின் தென்கிழக்கில், மாஹேபூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே கிராண்ட் பே பக்கம் போக ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். லே மோர்னுக்கும் பெல் மாருக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலையில் வந்து இறங்கினால் அறை பிற்பகலில்தான் கிடைக்கும். வயதானவர்கள் உடன் இருந்தால் முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் வாதம். செலவுதான், ஆனால் இரவெல்லாம் விமானத்தில் வந்த அம்மாவை வரவேற்பறை சோபாவில் ஐந்து மணி நேரம் உட்கார வைப்பதற்கு ஆடம்பரம் என்று பெயர் இல்லை.

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குச் சுற்றுலாவாக வர 60 நாள் வரை விசா கட்டணம் கிடையாது. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடச் சான்றும் கையில் இருக்க வேண்டும். பயணப் படிவத்தை இணையத்தில் முன்கூட்டியே நிரப்பிவிடுங்கள். பையில் கறிவேப்பிலை, மாம்பழம், விதை, செடி எதுவும் வேண்டாம், அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மருந்து விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. தூக்க மாத்திரை, மனநல மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரின் சீட்டோடு, சுகாதார அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டுமா என்பதையும் கிளம்புவதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அறை எடுக்கும்போது சொற்களை நம்பாமல் ரிசார்ட்டின் தள வரைபடத்தைக் கேளுங்கள். "கடல் தெரியும் அறை" என்றால் பால்கனி ஓரத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால் தெரிவதாகவும் இருக்கலாம். வரைபடத்தை அனுப்பி, "எங்கள் அறை எந்தக் கட்டடம், காலை உணவு எங்கே, நடுவில் எத்தனை படி?" என்று கேட்டால் நேரான பதில் வரும். மூட்டுவலிக்காரர்கள் இருந்தால் குளியல் தொட்டி இல்லாமல் தனி ஷவர் உள்ள அறையாகக் கேளுங்கள். குளிர்காலத்தில் வருகிறவர்கள் நீச்சல் குளத்தைச் சூடாக்குவார்களா என்று கட்டாயம் கேட்க வேண்டும். ஆகஸ்டில் கடல் நீர் 23 டிகிரிதான். ஜெர்மானியர்கள் குதித்து நீந்துவார்கள். சென்னைக் குழந்தைகள் காலை நனைத்துவிட்டு ஓடி வந்துவிடும்.

சாப்பாட்டுத் திட்டத்தில் நம்மவர்களுக்கு நான் சொல்வது காலை உணவும் இரவு உணவும் சேர்ந்த ஹாஃப் போர்ட். பல ரிசார்ட்டுகள் ஊரை விட்டு ஒதுங்கி இருப்பதால் இரவில் டாக்சி பிடித்து வெளியே போய்ச் சாப்பிடுவது கட்டுப்படியாகாது. சாப்பாடும் பானமும் எல்லாமே அடங்கிய ஆல் இன்க்ளூசிவ் விலையில் பெரிய பங்கு மதுவுக்குத்தான், குடிக்காத குடும்பத்துக்கு அது வீண். ஹாஃப் போர்டில் தண்ணீர் பாட்டிலுக்குக்கூடத் தனிப் பணம் போடும் இடங்கள் உண்டு, அதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவமாக இருந்தால் "வெஜிடேரியன்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். நான் ஹோட்டலுக்கு அனுப்பும் கடிதத்தில் இப்படித்தான் எழுதுவேன்: மீன் கிடையாது, முட்டை கிடையாது, மீன் சாஸும் கோழிச் சாறும் சூப்பில்கூடக் கூடாது, பால், தயிர், நெய் சாப்பிடுவார்கள், வெங்காயம் பூண்டு சாப்பிடுவார்கள் அல்லது மாட்டார்கள். இதை வருவதற்கு இரண்டு வாரம் முன்பு அனுப்பி, வந்த அன்று தலைமைச் சமையல்காரரை நேரில் ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு கவலை இல்லை. சமையலறையில் நம் பூர்விகத்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். தமிழ் பேசத் தெரியாமல் இந்த ஊர் மொழியான கிரியோல் பேசுவார்கள், ஆனால் ரசம் வைக்கத் தெரியும். உரிமையோடு கேளுங்கள், சந்தோஷமாகச் செய்து கொடுப்பார்கள். ஒரு நாளாவது ரிசார்ட்டை விட்டு வெளியே வந்து தெருவில் சுடச்சுட தால் பூரி சாப்பிடுங்கள். உள்ளே பருப்பு வைத்து மெல்லிசாக இட்ட ரொட்டி அது. வாழை இலையில் போடும் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு என் மாமியாரின் கைக்கு இணையாக எந்த நட்சத்திர ஹோட்டலும் வராது. கோவில் விசேஷ நாளில் வந்தால் உங்களுக்கும் ஒரு பந்தி கிடைக்கும்.

பணக் கணக்கு சுருக்கமாக. அறை விலை பெரும்பாலும் யூரோவில் இருக்கும். 15 சதவீத வரி அதில் சேர்ந்ததா என்று கேளுங்கள். 2025 அக்டோபரிலிருந்து 12 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஓர் இரவுக்கு 3 யூரோ சுற்றுலாக் கட்டணம் தனியாக உண்டு. தேனிலவுச் சலுகை கேட்பவர்கள் திருமணப் பதிவுச் சான்றிதழின் நகலை வைத்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையைக் காட்டினால் போதாது, ஊர் திரும்பியதும் பதிவு செய்துகொள்கிறோம் என்றாலும் நடக்காது. கயாக், கண்ணாடித் தரைப் படகு, ஸ்நார்க்கல் போன்ற மோட்டார் இல்லாத விளையாட்டுகள் பெரும்பாலும் விலையிலேயே அடங்கியிருக்கும்.

கடலைப் பற்றி ஒரு கண்டிப்பு. தீவைப் பவளப்பாறை ஏறக்குறைய முழுவதுமாகச் சுற்றி வளைத்திருப்பதால் உட்பக்கக் கடல் குளம்போல அமைதியாக இருக்கும். ஆனால் பவளப்பாறையில் இடைவெளி விட்ட இடங்களில் தண்ணீர் வெளியே இழுக்கும். எங்கே அந்த இடைவெளி என்று படகுக் கொட்டகையில் கேட்டுவிட்டு நீந்துங்கள். தெற்கே கிரி கிரி கடற்கரையில் பவளப்பாறையே இல்லை, அங்கே அலையைப் பார்க்க மட்டும்தான் போக வேண்டும். ரப்பர் அடி வைத்த கடல் காலணி ஒரு ஜோடி எல்லோருக்கும் வாங்கி வாருங்கள். மணலோடு மணலாகக் கிடக்கும் கல்மீனின் முள் குத்தினால் நேராக மருத்துவமனைதான். இன்னொன்று, இங்கே கடற்கரை எல்லோருக்கும் சொந்தம். ரிசார்ட் முன்னால் ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு நடந்து போவார்கள், அதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது.

ஏழு இரவுக்குக் குறைவாக வருவதானால் ஒரே ரிசார்ட்டில் இருங்கள். பத்து இரவு என்றால் கிழக்கில் பாதி, மேற்கில் பாதி வைக்கலாம். நடுவில் ஒரு நாள் கோவிலுக்குக் கொடுங்கள். போர்ட் லூயிஸில் கைலாசம் என்று ஊரே அழைக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில் இருக்கிறது. எங்கள் காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச்சரிவில் முருகன் கோவில், படி ஏறிப் போக வேண்டும், மேலே நின்றால் ஊர் முழுக்கத் தெரியும். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. அன்று வந்தால் காவடி பார்க்கலாம், ஆனால் காருக்கு முன்பே சொல்லி வையுங்கள். மகா சிவராத்திரிக்கு முந்தைய நாட்களில் கங்கா தலாவ் என்ற புனித ஏரிக்கு மக்கள் நடந்தே போவதால் சாலைகள் நிரம்பிவிடும். அந்த நாளில் விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் ரிசார்ட்டிலிருந்து இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். கையில் மொரீஷியஸ் ரூபாய் நோட்டு வந்ததும் பாருங்கள், அதில் நம் தமிழ் எண் எழுத்தில் தொகை அச்சாகி இருக்கும். 1998இல் அந்த நோட்டில் தமிழ் இருந்த இடத்தை மாற்றியபோது இங்குள்ள தமிழர்கள் பொறுக்கவில்லை, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள்.

கடைசி நாளுக்கும் திட்டம் வேண்டும். இரவு விமானம் என்றால் நண்பகலில் அறையைக் காலி செய்த பிறகும் குளமும் கடற்கரையும் உங்களுக்கு உண்டு. குளித்து உடை மாற்றப் பொது அறை இருக்கிறதா, அதை எத்தனை மணி வரை தருவார்கள் என்று முந்தைய நாளே வரவேற்பில் கேட்டு எழுதி வாங்குங்கள். பயண உடையைத் தனிப் பையில் எடுத்து வைத்துவிட்டுப் பெட்டிகளைக் கொடுத்துவிடுங்கள்.