கட்டியே இல்லாமல் வரும் மார்பகப் புற்றுநோய்: ஏலத்தோட்டப் பெண்களிடம் எடுத்துச் சொல்வது எப்படி?

கம்பம், கூடலூர், போடிப் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று பொழுது சாயத் திரும்பும் பெண்களுக்காக, முதன்முறையாக ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தப்போகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் மகளிர் குழுத் தலைவியாக இருக்கலாம். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலராகவோ, எல்லைக்கு அந்தப்பக்கத்து ஆஷா பணியாளராகவோ இருக்கலாம். பேசவேண்டிய பொருள் அழற்சி மார்பகப் புற்றுநோய். மார்பகப் புற்றுநோய் என்றால் கட்டி என்றே இத்தனை ஆண்டுகளாக நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இந்த வகையிலோ பெரும்பாலும் கையில் தட்டுப்படும்படி எதுவும் இருப்பதில்லை.

முதல் படி: நோயை நீங்கள் புரிந்துகொள்ளுங்கள்

இது அரிதான நோய். அமெரிக்கக் கணக்குப்படி மார்பகப் புற்றுநோய்களில் 100-க்கு 1 முதல் 5 வரையே இவ்வகையைச் சேர்ந்தவை. புற்றுச் செல்கள் மார்பகத் தோலில் ஓடும் நுண்ணிய நிணநீர்க் குழாய்களை அடைத்துவிடுவதால் நீர் வடிய வழியின்றித் தேங்குகிறது. தோல் வீங்கி, சிவந்து, சூடாகிறது. பார்வைக்குக் கிருமித் தொற்றைப் போலவே இருந்தாலும் கிருமி இதற்குக் காரணமில்லை என்பதால், ஆன்டிபயாடிக் மருந்தால் இந்த நோய் குணமாவதில்லை. வேறு வகைகள் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரக்கூடும். இது சில வாரங்களிலோ மாதங்களிலோ முற்றுகிறது. தோலைத் தொட்டுவிடுவதால், கண்டுபிடிக்கும் நாளிலேயே, புற்றுநோயின் நான்கு நிலைகளில் குறைந்தது மூன்றாம் நிலையில்தான் வைக்கப்படுகிறது. ஆண்டுக்கொரு முறை பரிசோதனை முகாமுக்குச் சென்று வந்தவருக்கும் இரண்டு முகாம்களுக்கு இடையில் இது வந்துவிடலாம். ஆகவே அந்தப் பெண்ணின் கண்ணையும் கையையும் விட்டால் இதைத் தொடக்கத்தில் பிடிக்க வேறு வழி குறைவு.

இரண்டாம் படி: இடமும் நேரமும்

மாலையில் ஜீப்பிலிருந்து இறங்கும் பெண்ணுக்கு உலை வைக்கும் அவசரம் இருக்கும். அப்போது நிறுத்திவைத்துப் பேசாதீர்கள். வேலை இல்லாத நாளில், கதவு சாத்தக்கூடிய ஓர் அறையில், பத்துப் பதினைந்து பேர் போதும். ஆண்கள் இருக்க வேண்டாம்.

மூன்றாம் படி: அடையாளங்களைக் காட்டுங்கள்

ஒரு கமலா ஆரஞ்சுப் பழத்தைக் கொண்டுசெல்லுங்கள். அதன் தோலில் குழிகுழியாக இருப்பதை ஒவ்வொருவரும் விரலால் தடவிப் பார்க்கட்டும். நீர் கோத்து வீங்கிய மார்புத் தோலும் மயிர்க்கால்கள் உள்ளிழுக்கப்பட்டு இப்படித்தான் தோன்றும், தடித்தும் இருக்கும். கையில் தொட்டுப் பார்த்ததை அவர்கள் படத்தில் கண்டதைக் காட்டிலும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

பிறகு மற்றவற்றைச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு மார்பு மட்டும் திடீரெனப் பெரிதாகி, நேற்றுவரை சரியாக இருந்த ரவிக்கை அந்தப் பக்கம் மட்டும் பிடிக்கத் தொடங்கும். கனம், எரிச்சல், வலி, அரிப்பு தோன்றலாம். முலைக்காம்பு புதிதாக உள்வாங்கலாம். அக்குளிலோ காறையெலும்புக்கு அருகிலோ நெறி கட்டலாம். நிற மாற்றம் மார்பின் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பரவியிருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம்: பெரும்பாலான மருத்துவப் படங்கள் வெள்ளைத் தோல்காரர்களுடையவை. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு மங்கலான கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியலாம், கண்ணுக்குப் படாமலும் போகலாம். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல், புறங்கையை இரு மார்பிலும் மாறிமாறி வைத்துச் சூட்டை ஒப்பிடவும், கண்ணாடி முன் நின்று இரண்டின் அளவையும் பார்க்கவும் பழக்குங்கள்.

நான்காம் படி: தாமதம் எங்கிருந்து வருகிறது என்று பேசுங்கள்

கூட்டத்தின் பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஏலச்செடிக்கு அடிக்கடி மருந்து தெளிக்கப்படுவதால், மேலில் எது சிவந்தாலும் "மருந்து பட்டிருக்கும், பூச்சி கடித்திருக்கும்" என்று விட்டுவிடுவது இயல்பு. பாலூட்டும் தாயாக இருந்தால் பால் கட்டிக்கொண்டது என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. சூட்டுக்கட்டி என்று எண்ணி மஞ்சள் பற்றுப் போடுவார்கள். பற்றுப் போடுகிறவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், அக்கறையினால்தான் போடுகிறார். ஆனால் மஞ்சள் தோலில் ஏறிவிட்டால் உண்மையான நிறம் மருத்துவருக்குத் தெரியாது. மருத்துவமனைக்குப் போகும்வரை அதை நிறுத்திவையுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

சிவந்த மார்பெல்லாம் புற்றுநோய் இல்லை, பெரும்பாலானவை தொற்றுதான் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். பயந்துபோனவர் மருத்துவரிடம் போகாமல் மறைத்துவிடுவார்.

ஐந்தாம் படி: பத்து நாள் கணக்கும் ஒரு சீட்டும்

தொற்று என்று எண்ணி ஆன்டிபயாடிக் கொடுத்தால், ஏழு முதல் பத்து நாட்களில் நல்ல மாற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதே மருந்தை இன்னொரு முறை வாங்கிச் சாப்பிடாமல், பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாலூட்டாத பெண்ணுக்கோ மாதவிடாய் நின்றவருக்கோ இப்படி வந்தால், தொடக்கத்திலேயே கூடுதல் கவனம் தேவை.

படபடப்பில் வாய் வராது. எனவே ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். "இடது மார்பில் வீக்கமும் சூடும். தொடங்கிய நாள் இது. இந்த மருந்தை இத்தனை நாள் சாப்பிட்டும் குறையவில்லை. கட்டி தட்டுப்படவில்லை. அழற்சி மார்பகப் புற்றுநோயாக இருக்குமோ எனப் பரிசோதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." இந்த நோயை அடிக்கடி பார்த்திராத மருத்துவருக்கும் இது உதவும். அந்தப் பெண் விரும்பினால், தம் கைப்பேசியில் மட்டும் இரண்டு மூன்று நாளுக்கொரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதை நீங்கள் கேட்டு வாங்காதீர்கள்.

ஆறாம் படி: எங்கே போவது, என்ன நடக்கும்

தேனி மாவட்டத்தவர்க்கு க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் உண்டு. மலைமேல் குடியிருப்பவர்கள் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ செல்லலாம். ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுப்பார்கள், அதில் தெளிவாகத் தெரியாமலும் போகலாம் என்பதால், அது சரியாக இருக்கிறது என்ற ஒரு சொல்லோடு திரும்பிவிடக் கூடாது. ஸ்கேன் பார்த்து, மார்பகத் திசுவிலும் தேவைப்பட்டால் தோலிலும் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பதே நோயை உறுதிசெய்யும். நோய் உறுதியானால் முதலில் கீமோதெரபி, அடுத்து அறுவைச் சிகிச்சை, அதன்பின் கதிர்வீச்சு என்பதே வழக்கமான வரிசை. "முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள்" என்று வீட்டார் அவசரப்படுவதுண்டு; தோல் முழுதும் பரவியிருக்கும்போது மருந்தால் சுருங்கச் செய்யாமல் அறுத்தால் மிச்சம் தங்கிவிடும் என்பதைப் பொறுமையாக விளக்குங்கள். பிழைப்பார்களா என்று யாராவது கேட்டால் மழுப்பாதீர்கள். அமெரிக்கப் பதிவுகளில் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருப்போர் 100-க்கு ஏறத்தாழ 40 பேர். வேறு உறுப்புக்குப் பரவுமுன் சிகிச்சை தொடங்கியவர்களுக்கு வாய்ப்பு இதைவிட அதிகம்.

ஏழாம் படி: கூட்டத்துக்குப் பிறகு

பெரும்பாலோர் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார்கள். எல்லோரும் கலைந்தபின் ஒருவர் மட்டும் பாத்திரம் எடுக்கிற சாக்கில் பின்தங்குவார். அவருக்காக அரைமணி நேரம் கூடுதலாக இருங்கள். அவர் சொல்வதை நாள் குறித்து எழுதிக்கொண்டு, பத்தாம் நாள் நீங்களே அழைத்துக் கேளுங்கள். ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் மருத்துவமனைப் பயணம் தள்ளிப்போகிறது என்றால், குழுவின் சேமிப்பிலிருந்து பேருந்துச் செலவுக்குக் கொடுக்க முடியுமா என்று குழுவில் பேசுங்கள். உடன் போக ஒருவரையும் அன்றே முடிவுசெய்துவிடுங்கள்.