டெல்டா படகில் குடிதண்ணீர்

எங்களுடையது பர்மாவில் துவாந்தே ஊர்ச் சட்டிபானை ஏற்றிக்கொண்டு ஐராவதி ஆற்று டெல்டாவுக்குள் போகிற படகு. போகலே, லபுட்டா ஊர்களுக்குப் போய்த் திரும்பும்வரை சமையல், குளியல், தூக்கம் எல்லாம் படகில்தான். புதிதாகக் குடும்பத்தோடு படகேறுகிற பெண்கள் முதலில் அடுப்பைப் பற்றிக் கேட்பார்கள். எனக்குத் தண்ணீர்தான் முதல் கவலை.

மாசி பிறந்தால் ஆற்றில் வரத்து குறையும், கடல் மட்டம் உயர்கிற ஏற்றத்தோடு கடல்தண்ணீர் உள்ளே வந்துவிடும். அதனால் மட்டம் இறங்குகிற வற்றம் முடிகிற நேரம் பார்த்து மொள்ளுங்கள், உப்பு அப்போதுதான் குறைவு. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகே பானையை நிரப்புங்கள். இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 6 மணிக்கு வற்றினால் நாளைக்கு 7 மணிக்குச் சற்று முன்னால்.

எந்தப் பக்கம் மொள்வது? நங்கூரத்தில் நிற்கிற படகு ஓட்டத்தை எதிர்த்தே முன்பக்கத்தை, அதாவது அணியத்தை, திருப்பிக்கொள்ளும். அங்கே மொள்ளுங்கள். கழிப்பறையும் பாத்திரம் கழுவுவதும் பின்பக்கமான அமரத்தில். ஆனால் கரையில் கட்டிய படகு திரும்பாது, ஓட்டம் மட்டும் திரும்பும். அமரத்து அழுக்கு அணியத்துக்கே வந்து சேரும். ஒரு வைக்கோல் துண்டைப் போட்டு, அது எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு வாளியை இறக்குங்கள்.

மொண்ட தண்ணீர் பால் விட்ட டீ மாதிரி கலங்கலாக இருக்கும். படிகாரக் கட்டியைக் கையில் பிடித்துப் பானைக்குள் ஏழெட்டுச் சுற்று சுற்றி எடுத்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் கலங்கல் பஞ்சு பஞ்சாகத் திரண்டு கீழே இறங்கும். ராத்திரி முழுக்க அசைக்காமல் வைத்து, காலையில் மேல்தண்ணீரை மட்டும் அகப்பையால் எடுத்துக் கொதிக்க வையுங்கள். படிகாரம் கிருமியையும் கொல்லாது, உப்பையும் எடுக்காது. தெளிந்துவிட்டதே என்று பிள்ளைகளுக்கு அப்படியே கொடுத்துவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பக்கத்துக் கரையில் மருத்துவர் எங்கே என்று அப்போதே விசாரியுங்கள்.

மழைக்காலத்தில் இந்தப் பாடு இல்லை. முதல் மழையில் கூரைத் தகரம் கழுவிப் போகட்டும், அப்புறம் பிடியுங்கள்.

சரி, அடுப்பு. மணல் பரப்பிய தட்டின் மேல் வைத்தால் போதும். தூங்கப் போகும்முன் கரியை முழுதாக அணையுங்கள். மூடிய அறையில் கரி கனன்றால் அந்தப் புகையில் வாசனைகூடத் தெரியாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. அந்த நாட்களில் கயிற்றை இறுக்கிக் கட்டினால் தண்ணீர் இறங்கும்போது படகு ஒருபக்கமாகச் சாய்ந்து தொங்கும். தாராளமாக விட்டுக் கட்டுங்கள், பானைகளுக்கு நடுவில் வைக்கோல் திணியுங்கள்.

2008 மே 2ஆம் தேதி நர்கிஸ் புயலில் கடல் உள்ளே ஏறி, கிராமத்துக் குடிநீர்க் குளங்கள் எத்தனையோ உப்பாகிப் போயின. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் ரேடியோவை அணைக்காதீர்கள். புயல் என்று சொன்னால் சரக்கைப் பார்க்காமல் படகை ஓடைக்குள் கட்டிவிட்டு, மேட்டில் கல்லால் கட்டிய மடமோ பள்ளிக்கூடமோ பார்த்துப் போய்விடுங்கள். போகும்போது காய்ச்சின தண்ணீரையும் படிகாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.