மறதி நோய் உள்ள வீட்டில் நாம் வாதாடும் தவறான இடங்கள்

மாலை ஆறு மணியானால் அம்மா துணிப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "நேரமாகிறது, வீட்டுக்குப் போகலாம்" என்பார். நாங்கள் இருந்தது திருச்சியில் அவரே பக்கத்தில் நின்று கட்டிய வீடு. குடிபுகுந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டு வரி ரசீதை எடுத்துவந்து நீட்டினேன். அதில் அப்பாவின் பெயரைப் பார்த்தவர், "இவர் இன்னும் வரவில்லையே" என்றார். அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன என்று சொன்னேன். அன்றுதான் செய்தி வந்ததுபோல் அழுதார். மறுநாள் மாலை மறுபடியும் பை, அதே கேள்வி, அதே பதில், அதே அழுகை. ஒரே வாரத்தில் பெற்ற தாய்க்கு நான்கு முறை இழவு சொன்னவன் நான்.

அதை நிறுத்தியது என் மனைவிதான். "வாருங்கள் அத்தை, விளக்கு வைக்கும் நேரம். ஏற்றிவிட்டுப் புறப்படலாம்" என்றாள். அம்மா பையைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரியைக் கையில் எடுத்தார். பயணம் அதோடு போயிற்று.

அல்சைமர் நோயில் முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. புதிதாகக் கேட்டதைப் பதிய வைப்பது அதன் வேலை. அது பழுதான பிறகு நாம் காட்டும் ரசீதும் ஆதாரமும் உள்ளே தங்குவதில்லை. ஆனால் அந்த நேரத்தில் நாம் கொடுத்த பயமும் துக்கமும் காரணம் மறந்த பிறகும் நீடிக்கின்றன. அதனால்தான் காலையில் நடந்த சண்டைக்கு மாலை வரை முகம் வாடியிருக்கிறார்கள். "வீட்டுக்குப் போகலாம்" என்பதற்குப் பெரும்பாலும் முகவரி கிடையாது. இருட்டுகிறது, ஏதோ பயமாக இருக்கிறது, சிறுநீர் வருகிறது, பசிக்கிறது என்பதுதான் அந்த வாக்கியம். மாலை நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயில் சகஜம். ஐந்தரைக்கே எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டால் பாதி ரகளை குறையும்.

விருந்தினர்கள் நடத்தும் பரீட்சையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கன்னத்தைப் பிடித்துக் கேட்பவர்களை நீங்கள்தான் தடுக்க வேண்டும். அவர்கள் நல்லவர்களே. ஆனால் தோற்பதற்கென்றே வைக்கும் தேர்வு அது. வந்தவர் தன் பெயரையும் ஊரையும் தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

அடுத்தது நகை. "என் வளையலை மருமகள் எடுத்துவிட்டாள்" என்ற பேச்சு வராத வீடு குறைவு. பயந்து ஒளித்து வைப்பார்கள், வைத்த இடம் மறந்துவிடும், அந்த ஓட்டையை நிரப்ப மூளை ஒரு திருடரைக் கண்டுபிடிக்கும். எப்போதும் பக்கத்தில் இருப்பவர்தான் அந்தத் திருடர். அதாவது, அதிகம் உழைப்பவருக்கே அதிகப் பழி. இங்கே குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு பஞ்சாயத்து கூட்டுவது. என் அக்கா கரூரிலிருந்து வந்து, பீரோவைத் திறந்து, மனைவியை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். நான் பேசாமல் நின்றேன். அம்மாவிடம் "அவள் எடுக்கவில்லை" என்று தினமும் வாதாடியவன், பேச வேண்டிய அன்று அக்காவிடம் பேசவில்லை. வளையல் அரிசி டப்பாவில் கிடைத்தது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்ட முறை: "காணோமா? வாருங்கள், தேடலாம்" என்று கூடவே தேடுவது, வழக்கமாக ஒளிக்கும் இடங்களைத் தெரிந்துவைப்பது, தங்கத்தை லாக்கரில் வைத்துவிட்டுக் கவரிங் வளையலைப் பீரோவில் விடுவது. ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நோய் இருக்கிறது என்பதற்காக அவர் சொல்லும் புகாரெல்லாம் பொய்யாகிவிடாது. பணம் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா, உடம்பில் காயம் இருக்கிறதா என்று ஒருமுறை சத்தமில்லாமல் பார்த்துவிடுங்கள்.

மருத்துவர் அறையில் நாம் வாய் திறக்காததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. "வயதானால் மறதி வராதா" என்று இரண்டு ஆண்டுகளை ஓட்டினோம். மறதியெல்லாம் அல்சைமர் அல்ல. பி12 குறைபாடு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம் என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல இருக்கின்றன. ரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் அவற்றைப் பிரித்துக் காட்டுவதற்குத்தான்.

ஐந்து நிமிட சந்திப்பில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இவனுக்குத்தான் கவலை" என்று சிரிப்பார். மருத்துவரும் சிரிப்பார். அம்மாவை வைத்துக்கொண்டே மருத்துவரிடம் குறைகளை அடுக்கினால் அவர் கூனிக் குறுகுவார். அதற்கு ஒரே வழி, முதல் நாளே ஒரு தாளில் எழுதி, உள்ளே போகும் முன் மருத்துவர் கையில் சேர்த்துவிடுவது. எப்போது தொடங்கியது, என்ன செய்ய முடியவில்லை, தூக்கம், மலச்சிக்கல், விழுந்த தேதி ஆகியவற்றை எழுதினால் போதும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சளிக்காகக் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளே குழப்பத்தைக் கூட்டக்கூடியவை.

இரண்டே நாளில் திடீரென்று நிலை மோசமானால் "நோய் முற்றிவிட்டது" என்று தலையில் கைவைத்து உட்காராதீர்கள். அல்சைமர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நகரும் நோய். இரண்டு நாளில் மாறினால் சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, வலி, புதிய மாத்திரை என்று வேறொன்று இருக்கும். அன்றே காட்ட வேண்டும். டோனெபெசில், மெமன்டைன் போன்ற மருந்துகள் நோயைக் குணப்படுத்துவதில்லை. சிலருக்குச் சில காலம் கை கொடுக்கும். பயனில்லை என்று நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. அடங்க வைப்பதற்காகக் கொடுக்கப்படும் மனநோய் மருந்துகள் வேறு விஷயம். டிமென்ஷியா (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்களின் பொதுப்பெயர்) உள்ள முதியவர்களுக்கு அவை இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2005இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. சில சமயம் தேவைப்படலாம்தான். எதற்காக, எத்தனை நாள், எப்போது குறைப்பீர்கள் என்ற மூன்று கேள்விகளையாவது கேளுங்கள். பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மாதாமாதம் வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள்.

பணம் பற்றிய தவறுகளைப் பின்னால் திருத்த முடியாது. பவர் பத்திரம் கையில் இருப்பதால் பிரச்சினை இல்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, கொடுத்தவர் மனநிலைத் தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. எப்போது அது தேவைப்படுமோ அப்போது அது செல்லாது! நாமினியும் அப்படித்தான், அவருக்குப் பணம் இறப்புக்குப் பிறகுதான், சிகிச்சைச் செலவுக்கு அல்ல. ஆகவே நோய் ஆரம்ப நிலையில் இருக்கும்போதே, அவருக்குப் புரியும்படி சொல்லி, அவர் விருப்பத்துடன், வங்கிக் கணக்கை இருவரில் யாரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். உயில் எழுதுவதானால் அப்போதே எழுதட்டும். அதே நாளில் மருத்துவர் சான்றும் பெற்றுவையுங்கள். தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது. காலம் கடந்தால் காப்பாளராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும்.

கைநாட்டு பற்றி ஒரு வார்த்தை. கையெழுத்துப் போட முடியாதது வேறு, எதற்குப் போடுகிறோம் என்று புரியாதது வேறு. முன்னதற்கு வங்கிகளில் நடைமுறை இருக்கிறது. பின்னதில் விரலைப் பிடித்து மையில் அழுத்துபவர், பெற்ற பிள்ளையாக இருந்தாலும், திருடுகிறார்.

வெளியே சொல்ல வெட்கப்படுவதும் ஆபத்தில் முடியும். 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின் மதிப்பீட்டில் இந்தியாவில் டிமென்ஷியா உள்ளவர்கள் சுமார் 88 லட்சம் பேர், 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம். உங்கள் தெருவிலேயே இன்னொரு வீடு இருக்கலாம். மளிகைக் கடைக்காரர், இஸ்திரி போடுபவர், ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். புடவை ஓரத்தில் தொலைபேசி எண்ணைத் தைத்துவிடுங்கள். காணாமல் போனால் உடனே காவல் நிலையம் செல்லுங்கள். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவார்கள் என்பது வெறும் பேச்சு. முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416. 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. (அல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகளுக்கான இந்தியச் சங்கம்) இந்தக் குடும்பங்களுக்கென்றே வேலை செய்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனமும் இவர்களுக்கு உதவுகிறது.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிவிட்டு, "அம்மா என்னிடம் நன்றாகத்தானே பேசினார், நீங்கள்தான் பெரிதாக்குகிறீர்கள்" என்பார். அவர் பார்ப்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு அம்மாவால் தன்னைத் திரட்டிக்கொள்ள முடியும். அவருக்கு விளக்கிப் பயனில்லை என்பதை மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் உணர்ந்தோம். விடுமுறைக்கு வந்தபோது அம்மாவை ஏழு நாள் அவர் பொறுப்பில் விட்டுவிட்டு நானும் மனைவியும் குற்றாலம் போனோம். மூன்றாம் நாள் அதிகாலை 3 மணிக்கு அழைத்தார். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று பகல் நேர உதவியாளரை வைத்தது அதன் பிறகுதான். மனைவிக்கு வாரத்தில் ஒரு முழு நாள் கிடைத்ததும் அதன் பிறகுதான்.

நல்லெண்ணத்தால் நான் செய்த தவறு இன்னொன்று: எல்லா வேலைகளையும் அம்மா கையிலிருந்து வாங்கிவிட்டேன். அடுப்பிலிருந்து விலக்கியது சரி. கீரை ஆய்வதையும் துணி மடிப்பதையும் கூட நிறுத்தியது சரியல்ல. பெயர்கள் போன பிறகும் கைப்பழக்கம் வெகுநாள் இருக்கிறது. கடைசி ஆண்டில் பஞ்சைக் கையில் கொடுத்தால் மணிக்கணக்கில் திரி உருட்டிக்கொண்டிருப்பார். பூஜை அலமாரியில் இன்னும் இரண்டு டப்பா இருக்கிறது. பாதித் திரிகள் விரல் பருமன். எந்த அகலிலும் ஒழுங்காக எரியாது.