ஆட்டோமேட்டிக் வாட்சுக்கு வைண்டர் தேவையா? நீங்களே சோதித்து முடிவெடுக்கும் முறை

ஆட்டோமேட்டிக் வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தால் பெரும்பாலும் ஒன்றரை நாளில் நின்றுவிடும். அப்படி நிற்கவிடாமல், மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்கும் பெட்டிதான் வைண்டர். வாட்சின் ஆயுள் கூடும் என்று நம்பி இதை வாங்குபவர்கள் நிறைய. ஆயுளெல்லாம் கூடாது. நின்ற வாட்சுக்கு மறுபடி நேரமும் தேதியும் வைக்கிற வேலை மிச்சமாகும், அவ்வளவுதான். அந்த வேலை உங்கள் வாட்சில் எவ்வளவு பெரிது என்பதை அளந்துவிட்டால் வைண்டர் வேண்டுமா வேண்டாமா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

வாட்சின் பின்புறம் அரைவட்ட வடிவில் ஒரு எடை இருக்கும். இதுதான் ரோட்டர். கை அசையும்போது இது சுழன்று, வாட்சை ஓடவைக்கும் சுருள்வில்லான மெயின்ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுக்கிறது. வைண்டரில் நடப்பது கொஞ்சம் தலைகீழ்: ரோட்டர் தன் எடையால் கீழ்நோக்கித் தொங்கியபடியே நிற்க, வாட்ச் அதைச் சுற்றி வருகிறது. அதனால் வாட்ச் செங்குத்தாகவோ சாய்வாகவோ இருந்தாக வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்துச் சுற்றினால் ரோட்டரும் கூடவே சுற்றும், சாவி ஏறாது.

சாவி அளவுக்கு மீறி ஏறி ஸ்பிரிங் அறுந்துவிடாதா என்ற பயம் பலருக்கு உண்டு. ஆட்டோமேட்டிக்கில் ஸ்பிரிங்கின் வெளிமுனை எங்கும் பூட்டப்பட்டிருக்காது. அது இருக்கும் டப்பாவின் சுவரை அழுத்திப் பிடித்திருக்கும். நிறைந்ததும் வழுக்கி விட்டுக்கொடுக்கும். எனவே அறுந்துபோகாது. ஆனால் நாள் முழுக்க வழுக்கிக்கொண்டே இருந்தால் அந்தச் சுவரில் தடவிய கிரீஸ் தேயும். வைண்டரின் சுற்று எண்ணிக்கையைச் சரியாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

படி 1: எந்த மூவ்மென்ட் என்று பாருங்கள்

மூவ்மென்ட் என்பது வாட்சுக்குள் இருக்கும் இயந்திரம். பின்மூடியிலோ கையேட்டிலோ அதன் எண் இருக்கும். பரவலாகக் கிடைப்பவை சில:

ஈடிஏ 2824-2: இரு திசையிலும் சாவி ஏறும், ஏறக்குறைய 38 மணி நேரம் ஓடும்.
செய்கோ 7எஸ்26: இரு திசை, சுமார் 40 மணி. கிரௌனை (வாட்சின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகு) திருகிச் சாவி கொடுக்க முடியாது.
என்எச்35: இரு திசை, சுமார் 41 மணி. கையாலும் சாவி கொடுக்கலாம்.
மியோட்டா 8215: ஒரு திசை மட்டும், சுமார் 42 மணி.
வால்ஷூ 7750 (குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் வசதி உள்ளது): ஒரு திசை மட்டும், வைண்டரில் வலஞ்சுழியில், அதாவது முள் ஓடும் திசையில், வைக்க வேண்டும்.
ரோலெக்ஸ் 3235: இரு திசை, சுமார் 70 மணி.
பவர்மேட்டிக் 80: பெயரிலேயே இருக்கிறது, 80 மணி.

கடைசி இரண்டும் வைத்திருப்பவர்கள் இங்கேயே யோசிக்கலாம். வெள்ளி மாலை 6 மணிக்குக் கழற்றித் திங்கள் காலை 6 மணிக்குக் கட்டினால் இடைவெளி 60 மணிதான். வாட்ச் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

படி 2: உண்மையில் எத்தனை மணி ஓடுகிறது என்று அளந்து பாருங்கள்

கையேட்டில் உள்ள எண் புது வாட்சுக்கானது. உங்களுடையதை அளக்க கிரௌனை 30 முதல் 40 சுற்று மெதுவாகத் திருகுங்கள். 7எஸ்26 போன்றதென்றால் ஒரு நாள் முழுக்கக் கட்டியிருந்து கழற்றுங்கள். நேரத்தைக் குறித்துவிட்டு, டயல் மேலே இருக்கும்படி வையுங்கள். காவல் காக்க வேண்டாம். நின்ற வாட்ச் எப்போது நின்றது என்பதைத் தானே காட்டும். காலையா மாலையா என்ற குழப்பம் மட்டும் வரும். நடுவில் இரண்டொரு முறை எட்டிப் பார்த்தால் அதுவும் தீர்ந்துவிடும்.

38 மணி ஓட வேண்டியது முழுச் சாவி கொடுத்தும் 25 மணியில் நின்றால், வைண்டர் வாங்கும் பணத்தை சர்வீசுக்குச் செலவழியுங்கள். காய்ந்த எண்ணெயையும் தேய்ந்த பாகத்தையும் எந்தச் சுழற்சியும் சரிசெய்யாது. நீங்கள் அளந்த மணிக்கணக்கை எழுதி வையுங்கள், பிறகு தேவைப்படும்.

படி 3: நின்ற வாட்சை ஓடவைக்க எவ்வளவு நேரம்?

நின்றுபோன வாட்சை எடுங்கள், போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்கள். தேதி மட்டும் உள்ள வாட்சுக்குச் சரியான வரிசை இது:

1. கிரௌன் திருகுப்பூட்டு வகை என்றால் திறந்து, இழுக்காமலே 20 முதல் 30 சுற்று சாவி கொடுங்கள். கைச்சாவி இல்லாத வாட்சைக் கிடைமட்டமாகப் பிடித்து அரை நிமிடம் இடவலமாக ஆட்டினால் ஓடத் தொடங்கும்.
2. கிரௌனை முழுதாக இழுத்து, தேதி மாறும் வரை முள்ளை முன்னோக்கி நகர்த்துங்கள். தேதி மாறிய கணம் நள்ளிரவு. அங்கிருந்து காலை 6 மணிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.
3. கிரௌனை நடு நிலைக்குத் தள்ளி, நேற்றைய தேதியை வையுங்கள்.
4. மறுபடி முழுதாக இழுத்து, தேதி இன்றைக்கு மாறும் வரை முள்ளை ஓட்டுங்கள். இப்போது வாட்சுக்குள் இருப்பது இன்று அதிகாலை. மாலை நேரம் வைக்க வேண்டுமென்றால் பகல் 12-ஐத் தாண்டிச் செல்லுங்கள்.
5. கிரௌனை உள்ளே அழுத்தி, பூட்டு இருந்தால் பூட்டுங்கள்.

முள்ளை 6-க்குக் கொண்டுபோகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரவு 9 முதல் அதிகாலை 3 வரை தேதியை மாற்றும் பற்கள் தேதிச் சக்கரத்தைப் பிடித்திருக்கும். அந்த நேரத்தில் தேதியை வேகமாகத் திருகினால் பல் வளையலாம், உடையலாம். வாட்ச் நின்றதால் வந்தது போலத் தெரியும் சேதம் உண்மையில் இந்த அவசரத் திருகலால் வந்ததாகவும் இருக்கலாம்.

பழகிவிட்டால் மொத்தமும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும்.

படி 4: முடிவெடுங்கள்

தினமும் கட்டும் ஒரே வாட்சா? வேண்டாம். தேதி மட்டும் காட்டும் இரண்டு மூன்று வாட்சை மாற்றி மாற்றிக் கட்டுகிறீர்களா? அப்போதும் வேண்டாம். ஒன்றரை நிமிட வேலைக்கு ஒரு மோட்டார் தேவையில்லை.

தேதி, கிழமை, மாதம், சந்திரப்பிறை எல்லாம் காட்டும் வாட்ச் என்றால் கணக்கு மாறுகிறது. பிறையின் சுற்று ஏறக்குறைய 29.53 நாள். வாட்ச் மூன்று வாரம் நின்றிருந்தால், கடைசிப் பௌர்ணமி எப்போது என்று பார்த்து, நாளுக்கு ஒரு தட்டாக எண்ணி வைக்க வேண்டும். விளிம்பில் இருக்கும் குழிப் பொத்தான்களை மழுங்கிய முனையால் அழுத்த வேண்டும். கை வழுக்கினால் கேஸில் கீறல். மாதத்தின் நாள் எண்ணிக்கையைத் தானே கணக்கிடும் நிரந்தர நாட்காட்டி வாட்சில் இன்னும் சிக்கல். சில வகைகளில் எல்லாமே கிரௌன் வழியாக முன்னோக்கி மட்டும்தான் நகரும். இரண்டு நாள் தாண்டிப் போய்விட்டால் பின்னால் வர வழியில்லை. வாட்சை நிறுத்திவைத்து, நிஜத் தேதி அதை எட்டிப் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். இந்த வாட்ச்களுக்கு வைண்டர் தாராளமாக வாங்கலாம். விரல் மூட்டு வலியால் சின்னக் கிரௌனைத் திருக முடியாதவர்களுக்கும் அப்படியே.

‘ஓடாமல் வைத்தால் எண்ணெய் உறைந்துவிடும்’ என்பது பழைய எண்ணெய்க் காலத்துப் பேச்சு. இன்றைய செயற்கை எண்ணெய்கள் சும்மா இருப்பதால் அப்படி இறுகுவதில்லை. மாதம் ஒருமுறை ஓடவிட்டால் போதும். மாறாக, ஓட்டத்துக்குத் தேய்மானம் உண்டு. மணிக்கு 28,800 துடிப்புள்ள வாட்ச் ஒரு நாளில் 6,91,200 முறை துடிக்கிறது. ஐந்து வாட்சைத் தினம் ஒன்றாகக் கட்டினால் ஒவ்வொன்றும் ஐந்து நாளில் சுமார் இரண்டரை நாள்தான் ஓடும். ஐந்தையும் வைண்டரில் ஏற்றினால் ஐந்து நாளும் ஓடும், தேய்மானம் இரட்டிப்பு. இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது: திருகுப்பூட்டுக் கிரௌனை அடிக்கடி திறந்து மூடினால் அதன் மரையும் ரப்பர் வளையமும் தேயும். வைண்டரில் அது மிச்சம்.

படி 5: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஒரு நாளுக்கான சுற்று எண்ணிக்கையை (பெட்டியில் டிபிடி என்று போட்டிருப்பார்கள்) நாமே மாற்றும் வசதி வேண்டும். வலஞ்சுழி, இடஞ்சுழி, இரண்டும் மாறிமாறி என மூன்று தேர்வும் வேண்டும். இவை இல்லாமல் ஆன், ஆஃப் மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். நிமிடத்துக்கு 10 சுற்று சுற்றும் மோட்டாரை ஓயாமல் ஓடவிட்டால் ஒரு நாளில் 14,400 சுற்று. தேவையோ 650 அளவில்தான், அதாவது 65 நிமிட ஓட்டம். நல்ல வைண்டர் இந்த 65 நிமிடத்தை நாள் முழுக்கப் பிரித்து, கொஞ்சம் சுற்றி நிறைய ஓய்வெடுக்கும்.

அடுத்தது காந்தம். அது ஏறினால் வாட்சின் ஓட்டம் கெடும். சாதாரணத் திசைகாட்டியை வாட்ச் உட்காரும் இடத்தில் வைத்து, மோட்டாரை ஓடவிட்டும் நிறுத்தியும் பாருங்கள். ஊசி பலமாகத் திரும்பினால் அந்தப் பெட்டி வேண்டாம். மூடியைப் பிடித்துவைக்கும் காந்தத்தையும் மறக்காமல் சோதியுங்கள்.

படி 6: பொருத்துதல்

நின்ற வாட்சை அப்படியே வைண்டரில் மாட்டக்கூடாது. வைண்டர் இருக்கும் சாவியைக் காப்பாற்றுமே தவிர, காலியானதை நிரப்பப் பெரும்பாலும் அதால் முடியாது. முதலில் முழுச் சாவி கொடுத்து நேரம் வையுங்கள். வைண்டருக்குள் வாட்சைச் சுற்றிக் கட்டும் மெத்தையில் மாட்டும்போது வாட்ச் ஆடவும் கூடாது, ஸ்ட்ராப் இழுபடவும் கூடாது. மெத்தை சிறிதாக இருந்தால் வாட்ச் சரிந்து உலோகப் பட்டை கேஸில் உரசும். பெரிதாக இருந்தால் ஸ்ட்ராப்பின் ஊசிகளில் பாரம் ஏறும்.

தொடக்கமாக 650 சுற்று, இரு திசை வையுங்கள். 7750 என்றால் 800, வலஞ்சுழி. மூன்று நாள் விட்டுக் கழற்றி, படி 2-இல் செய்தது போல எத்தனை மணி ஓடுகிறது என்று பாருங்கள். உங்கள் வாட்சின் முழு ஓட்டம் 38 மணியாக இருந்து இப்போது 30-க்கு மேல் வந்தால் அமைப்பு சரி. 15 அல்லது 20 மணிதான் வந்தால் 100 சுற்று கூட்டி மறுபடி சோதியுங்கள். முழு 38-ம் வந்தால் 50 சுற்று குறைத்துப் பாருங்கள். நிரம்பி வழிவதைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பது ஸ்பிரிங் டப்பாவுக்கு நல்லது.

கோளாறு வந்தால்

வைண்டரில் இருந்தும் வாட்ச் ஓரிரண்டு நாளில் நிற்கிறது: ஒரு திசை மூவ்மென்டைத் தவறான திசையில் சுற்றுகிறீர்கள். 7750 எதிர்த் திசையில் சுற்றும்போது ரோட்டர் பிடிப்பில்லாமல் விர்ரென்று ஓடும். கையில் கட்டியிருந்தால் அந்த அதிர்வு தெரியும். திசையை மாற்றுங்கள்.

திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடுகிறது: காந்தம் ஏறியிருக்கும். வாட்சின் வேகத்தை ஒழுங்குபடுத்தும் மயிரிழைச் சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சுருள் நீளம் குறைந்தது போல ஆகிவிடுகிறது. காந்தநீக்கியின் மேல் வாட்சை வைத்துப் பொத்தானை அழுத்தியபடி மெதுவாக ஒரு கை தூரம் விலக்கி, பிறகு பொத்தானை விடுங்கள். அருகிலேயே பொத்தானை விட்டால் காந்தம் போகாது, கூடவும் செய்யலாம்.

நாளுக்குச் சில விநாடி மட்டும் வித்தியாசம்: வாட்சின் நிலை மாறினாலே இப்படி வரும். வைண்டரில் மூன்று நாள், கையில் மூன்று நாள் என்று தனித்தனியாகக் குறித்துப் பார்த்த பிறகு ரிப்பேருக்குக் கொடுங்கள்.

மோட்டார் கரகரவென்கிறது: முதலில் மெத்தையைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள். சத்தம் நின்றால் மெத்தை சுவரில் உரசியிருக்கிறது. நிற்காவிட்டால் மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது, வாட்சை அன்றே வெளியே எடுத்துவிடுங்கள்.