இன்னொரு நாய் வேண்டாம் என்று சொல்லும் துணையிடம் சம்மதம் பெறுவது எப்படி?

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது. இன்னொன்றும் வந்தால் நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. கணவரோ மனைவியோ வேண்டவே வேண்டாம் என்கிறார். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மதுரையில் எங்கள் வீட்டில் மணி என்ற நாட்டு நாய்க்கு ஏழு வயதாகிறது. இரண்டாவதாக வந்த செல்லிக்கு ஒன்றரை வயது. செல்லியைக் கொண்டுவர என் மனைவியின் சம்மதத்தைப் பெறுவதற்கு எனக்கு எட்டு மாதம் ஆனது. அதில் முதல் ஐந்து மாதம், அவர் ஏன் மறுக்கிறார் என்பதைக் கேட்காமலேயே என் ஆசையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: குட்டியைத் திடீரென்று தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் நிறுத்தாதீர்கள். பார்த்ததும் மனம் இளகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு நொடி இளக்கத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு ஆண்டு வேலையை ஒருவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

படி 1: மறுப்பின் காரணத்தை முழுவதும் கேளுங்கள்

"ஏன் வேண்டாம்?" என்று கேட்டால் சண்டைதான் வரும். "இன்னொரு நாய் வந்தால் உனக்கு எந்த வேலை கூடும்?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்ட ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி சோபாவை நகர்த்திவிட்டுப் பெருக்கிக்கொண்டிருந்தார். பூந்துடைப்பத்தில் சிக்கியிருந்த மணியின் முடியை விரலால் உருவி எடுத்துக்கொண்டே, "இதை யாருங்க பண்றது?" என்றார். சற்று நேரம் கழித்து, "பொங்கலுக்கு எங்கம்மா வீட்டுல ரெண்டு நாள் சேர்ந்தாப்ல தங்கி நாலு வருஷம் ஆச்சு" என்றார். மணியை விட்டுச் செல்ல ஆளில்லாததால் ஒவ்வொரு ஆண்டும் அன்றைக்கே திரும்பிவந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு நாய் பிடிக்காமல் இல்லை. இருக்கும் ஒன்றின் வேலையில் பெரும்பகுதி அவருடையதாக இருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம்: பணம், இடம், அக்கம்பக்கத்தாரின் புகார், முன்பு இறந்துபோன நாயின் துக்கம். துக்கம்தான் காரணம் என்றால் அதற்குக் காலம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. எதுவானாலும் குறுக்கே பேசாமல் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: இருக்கும் நாயின் வேலையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல முடியாது. புது நாயைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாமல், குறைந்தது இரண்டு மாதம், பழைய நாயின் வேலைகளை நீங்கள் செய்ய வேண்டும். காலை ஐந்தரைக்கு நடைக்கு அழைத்துச் செல்வது, சோறும் முட்டையும் வேகவைப்பது, முடியைப் பெருக்குவது, தடுப்பூசித் தேதியை நினைவில் வைப்பது என எல்லாமே இதில் அடங்கும். "இன்று நான் குளிப்பாட்டினேன், பார்த்தாயா?" என்று சொல்லிக் காட்டாதீர்கள், தினமும் செய்தால் அதுவே கண்ணில் படும்.

உண்ணி பார்ப்பதை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் வீட்டில் மிகவும் பயந்த விஷயம் அது. அதற்கு முந்தைய ஆண்டு மணி உண்ணிக் காய்ச்சலில் படுத்து, ஈறு வெளுத்து, ஒரு வாரத்துக்கு மேல் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் என் மனைவிதான். காது மடலின் உட்புறம், கழுத்துப் பட்டையின் அடிப்பகுதி, கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களை நாள்தோறும் விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுத்தெடுங்கள்.

அந்தப் பொங்கலுக்கு நான் மணியோடு மதுரையிலேயே தங்கிவிட்டேன். என் மனைவி தேவகோட்டையில் தன் தாய் வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தார். நான் ஐந்து மாதம் பேசிய பேச்சு செய்யாததை அந்த நான்கு நாள் செய்தது.

படி 3: செலவை எழுதி நீட்டுங்கள்

தோராயமாகச் சொல்லாமல், இருக்கும் நாயின் ஓராண்டுச் செலவைப் பில்களோடு கூட்டுங்கள். புதுக்குட்டிக்கு அதோடு சேர்பவை இவை: ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் வரை பார்வோ, டிஸ்டம்பர் உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி, அவ்வப்போது குடற்புழு மருந்து, பிறகு கருத்தடை அறுவை. அரசுக் கால்நடை மருத்துவமனைகளைப் பயன்படுத்தினால் செலவு வெகுவாகக் குறையும். உலக வெறிநோய் தினமான செப்டம்பர் 28-ஐ ஒட்டிப் பல ஊர்களில் அத்தடுப்பூசியை இலவசமாகவே போடுகிறார்கள்.

படி 4: எந்த நாய் என்பதைச் சேர்ந்து முடிவு செய்யுங்கள்

"மணிக்குத் துணை வேண்டாமா?" என்ற வாதத்தை நானும் வைத்தேன், இப்போது அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மனிதர் துணை போதும் என்று நிறைவாக வாழும் நாய்கள் உண்டு. தனியே விட்டால் ஊளையிடும் நாய், இன்னொன்று வந்ததும் திருந்திவிடும் என்றும் சொல்ல முடியாது.

பழைய நாய் ஆணாக இருந்தால் பெண் குட்டியோடு பெரும்பாலும் எளிதில் ஒத்துப்போகும். ஆனால் பெண் நாய் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைப்பட்டால் சுமார் 63 நாளில் குட்டிகள் வந்துவிடும். எனவே கருத்தடைக்கு நாள் குறிப்பதும் இந்தப் பேச்சிலேயே முடிய வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்றவை ஓடித் திரிய இடம் கேட்கும். எங்கள் சிறிய வீட்டுக்குத் தெருவில் பிறந்த குட்டியே பொருத்தம் என்று சொன்னவர் என் மனைவி. செல்லி என்று பெயர் வைத்தவரும் அவரே.

படி 5: கேளுங்கள், பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள்

தாளில் எழுதிய ஒவ்வொரு காரணத்துக்கும் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லி, ஒருமுறை மட்டும் கேளுங்கள். தயக்கம் இருந்தால், வீடு கிடைக்கும்வரை ஒரு குட்டியைத் தற்காலிகமாக வளர்த்துத் தரும் பொறுப்பை ஏற்றுப் பார்க்கலாம். விலங்கு நல அமைப்புகள் பலவற்றுக்கும் இத்தகைய வீடுகள் எப்போதும் தேவைப்படுகின்றன. அதன் பிறகும் வேண்டாம் என்றால், வேண்டாம்தான். ஆறு மாதத்துக்கு அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். எடுத்துக்கொண்ட வேலையையும் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

படி 6: சம்மதம் கிடைத்த பின்

குட்டியை முதலில் மருத்துவரிடம் காட்டி, பழைய நாயின் தடுப்பூசிகள் நாள் தவறாமல் இருக்கின்றனவா என்று சரிபார்த்து, சுமார் இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கக் கூடாது. முதல் சந்திப்பைப் பழைய நாய் உரிமை கொண்டாடாத மொட்டை மாடி போன்ற இடத்தில், இரண்டையும் கயிற்றில் பிடித்தபடி, சில நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோற்றுத் தட்டுகள் வெவ்வேறு அறையில் இருக்கட்டும். மணி முதல் வாரம் செல்லியைப் பார்த்து உறுமினான். உறுமலுக்காக நாயை அதட்டினால் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கக்கூடும் என்பதால், பேசாமல் இரண்டையும் விலக்கிவிட்டோம். சின்னக் குட்டிக்கு இரவில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் வரும். அப்போதெல்லாம் எழுந்து கதவைத் திறக்க வேண்டியவர், இன்னொரு நாய் வேண்டும் என்று கேட்டவர்.