சத்து மாத்திரையைப் பாலோடு விழுங்காதீர்கள்

கர்ப்பிணிகள் கீரை சாப்பிட வேண்டும், புகையிலை கூடாது என்பதெல்லாம் சுவரில் ஒட்டிய போஸ்டரிலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு வரும் தலைப்பிரசவப் பெண்கள் சொல்லும் கதை, அவர்களுடைய அக்காக்களும் நாத்தனார்களும் இதே பெஞ்சில் உட்கார்ந்து சொன்ன கதைதான். அதனால் எழுதுகிறேன்.

இரும்பு மாத்திரையை எதோடு போடுகிறீர்கள்?

"மாத்திரை போடுறியாம்மா?" என்றால் எல்லோரும் "போடுறேன் சிஸ்டர்" என்பார்கள். எதோடு என்று கேட்டால்தான் விஷயம் வரும்.

எட்டாம் மாதத்தில் ஒரு பெண் வந்தாள், ஹீமோகுளோபின் 8. கர்ப்பத்தில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. மாத்திரையைக் குப்பையில் போட்டிருப்பாள் என்று நினைத்துத் திட்டப் போனால், காலி அட்டைகளை மஞ்சப்பையிலிருந்து எடுத்து மேஜையில் அடுக்குகிறாள், ஒன்றுகூடத் தவறவில்லை. ராத்திரி சாப்பிட்டதும் ஒரு டம்ளர் சூடான பால், அதில் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒன்றாக. "மாத்திரை சூடு, பாலோட போட்டாத்தான் உடம்பு தாங்கும்னு அத்தை சொன்னாங்க." மாதாமாதம் அட்டையில் டிக் போட்ட யாரும் இதைக் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தச் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, ஆனால் நல்ல நாளிலேயே கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். பாலிலும் கால்சியம் மாத்திரையிலும் உள்ள கால்சியம் அதையும் தடுத்துவிடும், டீ காபியில் உள்ள டானின் இன்னும் மோசம். எட்டாம் மாதத்தில் மாத்திரையை நம்பிக் காத்திருக்க நேரமில்லை என்பதால் அவளுக்கு இரும்பு சுக்ரோஸை டிரிப்பில் ஏற்ற வேண்டியதாயிற்று, கணவர் கூலியை விட்டுவிட்டுக் கூடவே அலைந்தார். பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் மற்றவர்கள் தாங்கும் அளவைக்கூட ரத்தசோகை உள்ள உடம்பு தாங்காது, அதற்குத்தான் இத்தனை பாடு.

செய்ய வேண்டியது இதுதான். கால்சியத்தைக் காலையும் மதியமும் சாப்பாட்டோடு போடுங்கள். இரும்பை ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது, தண்ணீரிலோ எலுமிச்சை ஜூஸிலோ போடுங்கள், குமட்டலும் தூக்கத்தில் போய்விடும். பால் குடிக்க வேண்டுமா, சாயங்காலம் குடியுங்கள். மலம் கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயந்து நிறுத்தாதீர்கள். மலச்சிக்கல் என்றால் தண்ணீரும் கொய்யாவும், அப்படியும் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். நான்காம் மாதத்திலிருந்து கர்ப்பத்தில் 180 நாள், பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள் என்பது அரசுக் கணக்கு. பிரசவமானதும் அட்டையைத் தூக்கிப் பரணில் போடுபவர்கள்தான் அதிகம்.

மாத்திரை போட்டால் பிள்ளை கறுக்குமா?

கறுக்காது.

குங்குமப்பூ

சிவக்கவும் சிவக்காது. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

இரண்டு பேருக்குச் சாப்பாடு

நான்காம் மாதத்துக்கு மேல் கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்கு 350 கலோரி. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். அதற்குப் பதில் இன்னொரு தட்டுச் சோறு வைத்தால் வயிறு நிறையும், பருப்புக்கும் முட்டைக்கும் இடமிருக்காது.

குளுக்கோஸ் டெஸ்டுக்கு டிமிக்கி

வாந்தி வருகிறது என்று 75 கிராம் குளுக்கோஸைப் பாதி குடித்துவிட்டு மீதியை வாஷ்பேசினில் ஊற்றுபவர்கள் உண்டு. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை. பாதி குடித்தால் அது தெரியவே தெரியாது. முதல் தடவை நார்மல் என்றாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

ஊட்டச்சத்துப் பெட்டகம்

தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தரும் நெய்யும் பேரீச்சம்பழமும் கர்ப்பிணிக்கு. வீட்டுக்காரர் தோசைக்கு அல்ல.