செட்டிநாடு சுற்றும் நாளில் மழை வந்தால்: நாம் செய்யும் தவறுகள்

போன ஐப்பசியில் கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா குடும்பம் காரைக்குடிக்கு வந்திருந்தது. கையில் ஒரே நாள். காலையில் கானாடுகாத்தான், அப்புறம் ஆத்தங்குடி, சாப்பிட்டுவிட்டுத் திருமயம் கோட்டை என்று நான்தான் வரிசை போட்டேன். இரண்டரை மணிக்குக் கோட்டை வாசலில் இறங்கும்போதே வானம் கறுத்திருந்தது. பாதி ஏறுவதற்குள் பிடித்துக்கொண்டது. நனைந்த பாறையில் சித்தியைக் கைப்பிடித்து இறக்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. வரிசையைத் தலைகீழாகப் போட்டது நான். கூரையுள்ள பழைய செட்டிநாட்டு வீடுகளை வெயில் நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு, வெட்டவெளிப் பாறையை மேகம் கூடும் நேரத்துக்கு ஒதுக்கினால் வேறென்ன நடக்கும்?

திருமயம் கோட்டை 1687-இல் சேதுபதி மன்னர் காலத்தில் எழும்பியது. பீரங்கி நிற்கும் உச்சிவரை மொட்டைப் பாறைதான். அதனால் அதை விடிந்ததும் முதலில் முடித்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் வருபவர்களுக்கும் இதுவேதான். கோடை மழை பெரும்பாலும் பிற்பகல் வெயில் ஏறிய பிறகு இடியோடு வரும். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் நிற்கிறோம் என்று அர்த்தம். "இன்னும் ஒரு போட்டோ" என்று மேலே நிற்காதீர்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திரும்ப ஏறவும் வேண்டாம். மின்னல் எச்சரிக்கைக்கென்றே தாமினி என்ற செயலி இருக்கிறது. கிளம்புமுன் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, காரைக்குடிக்கு மட்டும் வானிலை பார்த்துவிட்டுக் கிளம்புவது. காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி எல்லாம் சிவகங்கை மாவட்டம். திருமயம் புதுக்கோட்டை மாவட்டம். வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கையை மாவட்ட வாரியாகத்தான் தருகிறது, இரண்டையும் பாருங்கள். கனமழை என்று அவர்கள் சொன்னால் ஒரே நாளில் ஆறரை சென்டிமீட்டரையாவது தொடும் மழை. தூறல் என்று நினைத்துக் குடையோடு கிளம்பும் விஷயமில்லை. ஆரஞ்சு, சிவப்பு என்று வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வேன் பேசும்போதே, ரத்து செய்தால் முன்பணம் திரும்புமா என்று கேட்டுவிட்டால் அந்த முடிவை எடுக்க மனசு தயங்காது.

ஆத்தங்குடிக்குத் தரைக்கல் செய்வதைப் பார்க்கவென்றே வருபவர்கள் வெயில் நாளாகப் பார்த்து வாருங்கள். கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்ப்பது கொட்டகைக்குள் நடக்கிற வேலை. ஆனால் தண்ணீரில் ஊறிய கல் காய வெயில் வேண்டும்.

அதே கல் பதித்த தரையில் ஈரக்காலோடு நடப்பதும் ஆபத்து. கண்ணாடி மாதிரி வழவழப்பு. வாசலிலேயே காலைத் துடைத்துக்கொண்டு, குழந்தைகளை ஓடவிடாமல் கூட்டிப்போங்கள். எல்லா வீடும் எப்போதும் திறந்திருக்காது. பல வீடுகள் இன்றும் குடும்பங்களின் சொந்தச் சொத்து. முதல் நாளே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்குப் பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கோயில் நல்ல ஒதுக்கிடம், ஆனால் மதியம் நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரத்துக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, வீட்டுக்குள் இருக்கும்போது மழை வந்தால் அவசரமாகக் காருக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால்தான். கொஞ்சம் நில்லுங்கள். முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் தூணோரமாக உட்காருங்கள். நாலு பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்தைப் பார்த்தே இறங்குகிறது. மழை வலுத்ததும் நாலு பக்கமும் தண்ணீர் திரையாக விழும். அன்று கோட்டையிலிருந்து இறங்கி, ஈரத்துணியோடு தெரிந்தவர் வீட்டில் ஒதுங்கினோம். அந்த வீட்டு ஆச்சி பேசிக்கொண்டே போய்ப் பித்தளை அண்டாவை ஓட்டு விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்தார். முதலில் கணீரென்று விழுந்த சத்தம், நிறைய நிறையக் கனத்துக்கொண்டே போனது. சித்தப்பா அண்டா நிறையும்வரை எழுந்திருக்கவேயில்லை.